ஈ.சி.ஆரில் ஓட்ட: பழைய டிரையத்லான் பைக்கா, ஏரோ பார் மாட்டிய ரோடு பைக்கா?

பட்ஜெட்டுக்குள் கார்பன் ஃபைபர் சைக்கிள் வேண்டும் என்றால் புதுச்சேரிக்காரருக்கு வழி இரண்டு: செகண்ட் ஹேண்ட் டிரையத்லான் பைக் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயத்துக்கானது), அல்லது ரோடு பைக்கில் கிளிப்-ஆன் ஏரோ பார் (முழங்கை ஊன்றிக் குனிந்து ஓட்ட ஹேண்டிலில் மாட்டும் கம்பி).

வேகத்துக்கு முதலாவதுதான். அதன் சீட் டியூப் (சீட்டிலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் குழாய்) 76 முதல் 80 டிகிரி வரை நிமிர்ந்திருப்பதால், முழங்கை ஊன்றிக் குனிந்தாலும் இடுப்பு அதிகம் மடங்காது. ரோடு பைக்கில் அது 73 டிகிரியை ஒட்டி இருக்கும். ஏரோ பாரை மட்டும் மாட்டினால் மிதிக்கும்போது தொடை வயிற்றில் இடிக்கும். சீட்டை 2 செ.மீ. முன்னே தள்ளி, கொஞ்சம் உயர்த்துங்கள்.

சௌகரியத்துக்கு ரோடு பைக். இப்போதைய ரோடு பைக்குகளில் பெரும்பாலும் 28 மி.மீ. டயர் ஏறும், பழைய டிரையத்லான் ஃபிரேம்கள் பலவற்றில் 25-க்கு மேல் இடமில்லை. காந்தி வீதி நெரிசலில் பிரேக்கும் கியரும் ஒரே கைப்பிடியில் இருப்பது பெரிய நிம்மதி. மரக்காணம் பக்கம் மதியக் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது 80 மி.மீ. ஆழ ரிம் உள்ள முன்சக்கரம் ஹேண்டிலையே பிடுங்கும், ரிம் ஆழம் 50-க்குள் இருக்கட்டும்.

பழையது வாங்கினால் சீட்போஸ்டை (சீட்டைத் தாங்கும் கம்பி) முழுசாக உருவிப் பாருங்கள். உப்புக்காற்றில் அலுமினிய போஸ்ட் கார்பனோடு இறுகிவிடும். அசையாவிட்டால் வாங்கவே வேண்டாம். பெயின்டில் முடிபோல் கோடு தெரிந்தால் அந்த இடத்தை நாணயத்தால் தட்டுங்கள். மந்தமான சத்தம் வந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம்.

முதல் ரேஸுக்கு ரோடு பைக்கே போதும். எதை வாங்கினாலும் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் கார்பன் பேஸ்ட் (வழுக்காமல் பிடிக்க வைக்கும் பசை) தடவி, டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கிளாம்பில் அச்சிட்ட அளவுக்கே முறுக்குங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்.