கும்பகோணம் – தரங்கம்பாடி ஒரு நாள் ‘சரித்திர டூர்’: காசுக்கு ஏற்றதா?

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் தேடுவீர்கள். ஏசி காரும் கைடும் சேர்த்து நான்கு பேருக்கு 6,500 ரூபாய். சாப்பாடும் நுழைவுச் சீட்டும் நம் செலவு. நடத்துவது கும்பகோணத்தில் இருக்கும் ஒரு டிராவல்ஸ். பெயர் போடவில்லை, நடந்த குறை சின்னதுதான், அதற்காக ஊர் முழுக்கச் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நோட்டீஸில் “1700களின் டெல்டா, ஒரே நாளில்: திருவிசநல்லூர், தரங்கம்பாடி, பொறையார்” என்று போட்டிருந்தது. நவக்கிரக டூர் நடத்தத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிற ஊரில் இப்படி ஒன்றை யோசித்தவர் யார் என்ற ஆச்சரியத்திலேயே புக் செய்தேன்.

இன்னொரு காரணம் அப்பா. நாற்பது வருஷம் அச்சுக்கோத்தவர். இப்போது நான் ஆப்செட்டில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் அடிக்கிறேன், அவர் கடை வாசலில் உட்கார்ந்து புரூஃப் திருத்துகிறார். தரங்கம்பாடி, பொறையார் என்ற இரண்டு பெயரைப் பார்த்ததும் “நானும் வரேன்டா” என்று சட்டையை மாட்டிக்கொண்டார். எதற்கும் அவ்வளவு சீக்கிரம் கிளம்புகிற ஆள் இல்லை.

காலை ஏழரைக்குத் திருவிசநல்லூர். தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் சகஜி 1693-ல் இந்த ஊரை 46 பண்டிதர்களுக்குக் கொடுத்து சகஜிராஜபுரம் என்று பெயர் வைத்ததைக் கைடு சொன்னார். ஸ்ரீதர ஐயாவாள் மடத்துக் கிணற்றில் கார்த்திகை அமாவாசையன்று கங்கை பொங்கி வந்ததாகச் சொல்லும் கதையை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, அவரும் அதைப் புரிந்துகொண்டு நீட்டவில்லை. ஒன்று மட்டும் நன்றாகச் செய்தார். சகஜி 1712 வரை, அவருக்குப் பிறகு தம்பி முதலாம் சரபோஜி 1728 வரை என்று சொல்லிவிட்டு, “ஐயா, இவர் சரஸ்வதி மகால் சரபோஜி இல்லை, அவர் இரண்டாமவர், வர இன்னும் எழுபது வருஷம் இருக்கு” என்று எச்சரித்தார். என் மனைவி அதுவரை இரண்டு பேரையும் ஒருவராகவே நினைத்திருந்தாள். நானும்தான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்து கார் நாச்சியார்கோயிலுக்குப் போனது. கும்பகோணத்துக்காரர்களுக்கு இந்த வரியைப் படித்ததும் சிரிப்பு வந்திருக்கும். திருவிசநல்லூரிலிருந்து தரங்கம்பாடி போகிறவன் நாச்சியார்கோயில் வழியாக ஏன் போகிறான்? குத்துவிளக்குக் கடைக்குத்தான். “அஞ்சு நிமிஷம் சார், சும்மா பார்த்துட்டு வாங்க” என்றார் டிரைவர். ஐம்பது நிமிஷம் ஆனது, காபி வேறு கொடுத்தார்கள், காபி வாங்கிக் குடித்துவிட்டு வெறுங்கையோடு எப்படி வருவது என்று ஒரு சின்ன விளக்கும் வாங்கித் தொலைத்தோம். கைடு பையன் காரைவிட்டு இறங்கவே இல்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கமிஷன் யாருக்கு என்று அதிலேயே தெரிந்துபோனது. இந்த ஐம்பது நிமிஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடி போய்ச் சேரும்போது பதினொன்றரை, வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் இங்கிருந்து அடுத்த மூன்று மணி நேரத்துக்கு நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். கைடுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது, இந்த ஊர்ப் பையன், ஒவ்வொரு சுவரையும் தெரிந்து வைத்திருக்கிறான். கோட்டை வாசலில் நிழல் பார்த்து எங்களை உட்காரவைத்து, 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்ததை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டு நேரே 1706-க்கு வந்தான். அந்த வருஷம் ஜூலை 9-ஆம் தேதி சீகன்பால்கு, புளுட்சோ என்று இரண்டு ஜெர்மன் லுத்தரன் (புராட்டஸ்டண்ட்) பாதிரியார்கள் இங்கே கப்பலை விட்டு இறங்குகிறார்கள். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். அடுத்த வருஷம் வடக்கே ஔரங்கசீப் இறக்கிறார், அந்தச் செய்தியெல்லாம் இங்கே மெதுவாகத்தான் வந்திருக்கும். சீகன்பால்குவோ அதற்குள் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு மணலில் அ, ஆ எழுதிக்கொண்டிருக்கிறார். அரசர் அனுப்பிய ஆள்தான், ஆனாலும் கோட்டைத் தளபதி ஹாசியஸுக்கு அவரைக் கண்டாலே ஆகவில்லை. 1708 கடைசியில் பிடித்து இதே கோட்டைக்குள் நாலு மாதம் அடைத்துவிட்டார்.

அப்புறம் பையன் அச்சுக்கு வந்தான், அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

லண்டனில் இருந்த ஒரு கிறிஸ்தவச் சங்கம் அச்சு இயந்திரம் ஒன்றை அனுப்புகிறது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துவிடுகிறார்கள், கூட வந்த அச்சுக்காரர் கடலிலேயே இறந்துபோகிறார், இயந்திரம் மட்டும் 1712-ல் வந்து சேர்கிறது. ஓட்ட ஆள் இல்லை. தேடிப் பார்த்தால் டேனிஷ் கம்பெனியின் சிப்பாய் ஒருவருக்கு முன்பு அந்த வேலை செய்த பழக்கம் இருக்கிறது! தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து 1713-ல் அனுப்புகிறார்கள். தமிழே தெரியாதவர்கள், இங்கிருந்து போன மாதிரியைப் பார்த்து வெட்டிய எழுத்து. ரொம்பப் பெரிசு. “பெரிய டைப்புன்னா பக்கம் கூடும், பக்கம் கூடினா பேப்பர் கூடும், பேப்பர் சீமையிலேர்ந்து வரணும்ல?” என்று பையன் சொல்வதற்கு முன்பே அப்பா சொல்லி முடித்துவிட்டார். அதேதான் நடந்திருக்கிறது. இங்கேயே சின்ன எழுத்தாக வார்க்க முடிவு செய்திருக்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கித்தான் வார்த்தார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். எழுத்து வார்க்கும் பட்டறையும் பேப்பர் ஆலையும் வைத்தது பக்கத்துப் பொறையாரில். 1714-ல் தமிழில் பைபிள் புதிய ஏற்பாட்டின் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-ல் அதன் மீதியும் வெளிவந்தன.

அப்பா அதற்கு மேல் பையனைப் பேசவிடவில்லை. பழைய ணை, லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரிக் கொம்போடு இருந்த காலத்தில், எழுத்து வைக்கிற பெட்டியான கேஸில் ஒவ்வொன்றுக்கும் தனி அறை, 1978-ல் எழுத்தை மாற்றிய பிறகு அந்த டைப்பை எல்லாம் அள்ளிக் கிலோக் கணக்கில் உருக்கக் கொடுத்தோம் தம்பி, என்று அவர் கதையை ஆரம்பித்தார். பையன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். கைடு, வந்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு பிழை உண்டு, சொல்லித்தான் ஆக வேண்டும். “இந்தியாவிலேயே முதல் தமிழ் அச்சு இங்கேதான்” என்றான். இல்லை. தம்பிரான் வணக்கம் 1578-லேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. ஆனால் அந்த முயற்சிகள் நின்று போய் ரொம்ப காலம் ஆன பிறகு மறுபடி தொடங்கித் தொடர்ந்து நடந்தது இங்கே. அதைச் சொன்னாலே போதும், பெருமை ஒன்றும் குறையாது. அப்பா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், அவனும் “சரிங்க ஐயா, மாத்திக்கிறேன்” என்றான்.

பிறகு ராஜ வீதியில் 1718-ல் கட்டிய புது எருசலேம் ஆலயம். முகப்பில் அரசரின் கிரீடச் சின்னம். கட்டி முடித்த மறு வருஷமே, 1719 பிப்ரவரியில், சீகன்பால்கு இறந்துவிட்டார், வயது 36. உள்ளேதான் கல்லறை. அவர் இருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அங்கே நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள், நாங்கள் அவசரமாகப் பார்த்தோம்.

சாப்பாடு பற்றி அதிகம் இல்லை. அவர்கள் கூட்டிப்போன இடத்தில் மீன் வறுவல் நன்றாக இருந்தது, ரசம் வெந்நீர்.

சாப்பிடும்போது பையன் சொன்ன வீரமாமுனிவர் கதைக்கு மட்டும் தனியாக ஐந்நூறு ரூபாய் கொடுக்கலாம். இத்தாலிக்காரர், கத்தோலிக்கர், 1711-ல் மதுரை மிஷனுக்கு வந்தவர், கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஏலாக்குறிச்சியில் ரொம்ப நாள் இருந்தவர். தரங்கம்பாடி லுத்தரன்காரர்களுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம், அவர்களைக் கண்டித்துப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஆனால் லத்தீனில் அவர் எழுதிய கொடுந்தமிழ் (பேச்சுத் தமிழ்) இலக்கணத்தை 1738-ல் அச்சடித்தது யார் தெரியுமா? இதே தரங்கம்பாடி அச்சுக்கூடம்! அப்பாவுக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. “வேலைன்னு வந்தா ரெண்டு கட்சி போஸ்டரும் நாமதானே அடிக்கிறோம்?” என்றார். கே, பே-யில் வரும் இரட்டைக்கொம்பு வழக்கத்துக்கு வந்ததும் வீரமாமுனிவரால்தான். அதற்கு முன் எ-க்கும் ஏ-க்கும் ஒரே கொம்பு, புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில், அந்தப் புள்ளியை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வைப்பதே இல்லை. புரூஃப் பார்க்கிறவன் என்ன பாடு பட்டிருப்பான்!

இனி பொறையார். நோட்டீஸில் இருந்த மூன்றாவது இடம், அப்பா கிளம்பியதே பாதி அதற்காக. மணி மூன்று தாண்டிவிட்டது, ஐந்தரைக்குள் காரைத் திருப்பி விடவேண்டும் என்று டிரைவருக்குப் போன் மேல் போன். “அங்க பார்க்க ஒண்ணும் இல்லீங்க, ஆலை எல்லாம் அப்பவே போயிருச்சு” என்றார்கள். ஒன்றும் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். இருந்த ஊரில் பத்து நிமிஷம் நிற்கத்தான் வந்தோம். கடைசியில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கு ஐந்து நிமிஷம் நிறுத்தினார்கள். அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. ஹாரன் அடித்தார்கள், வந்து ஏறிக்கொண்டார். விளக்குக் கடையில் போன ஐம்பது நிமிஷம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மதிப்பெண்: கைடுக்கு ஐந்துக்கு ஐந்து. வண்டி சுத்தம், நான்கு. டூரை நடத்துகிற விதத்துக்கு இரண்டு, அதுவும் மீன் வறுவலுக்காக. புக் செய்யும்போதே நாச்சியார்கோயில் வேண்டாம், பொறையார் கட்டாயம் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொப்பி, தண்ணீர் கையோடு இருக்கட்டும். மார்கழி, தை மாதங்களில் போனால் நல்லது.

இரண்டு நாள் கழித்து டிராவல்ஸிலிருந்து கூப்பிட்டார்கள். அடுத்து ஏலாக்குறிச்சியையும் சேர்த்து இரண்டு நாள் டூர் போடுகிறார்களாம், அதே பையன்தான் கைடாம். அப்பா இப்போதே சட்டையை மாட்டத் தயார். விளக்குக் கடை கிடையாது என்று சொன்னால் முன்பணம் போடுகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள்.