மகாபலிபுரம் லைட் ஹவுஸ், வயசானவங்களோட போறவங்களுக்கு

இந்த வாட்டி டொராண்டோல இருந்து ஊருக்கு வந்தப்ப அம்மா, சித்தி, பசங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு மகாபலிபுரம் போனோம். கடற்கரைக் கோவில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைன்னு பாத்துட்டு நிறைய பேர் திரும்பிடுறாங்க, எங்க வேன் டிரைவரும் லைட் ஹவுஸ்ல ஒண்ணுமில்ல சார்னு சிற்பக் கடைப் பக்கமே வண்டியத் திருப்பப் பாத்தாரு, நீங்க விட்டுடாதீங்க.

முதல்ல டிக்கெட். கோவிலுக்கும் ரதத்துக்கும் எடுக்குற டிக்கெட் லைட் ஹவுஸுக்குச் செல்லாது, அங்க தனியா எடுக்கணும், ரொம்பக் கம்மிதான், சில்லறை வெச்சுக்கோங்க. கோவில்ல இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. கனடா பாஸ்போர்ட்டா இருந்தாலும் ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்திய அரசு குடுக்குற அட்டை) காட்டினா இந்தியர் கட்டணம்தான், எங்களுக்கு ஒரு கேள்வி கேக்காம 40-க்கே குடுத்தாங்க, கார்டை ஹோட்டல்ல வெச்சுட்டு வராதீங்க.

லைட் ஹவுஸ் பாறை மேல நிக்குற கல் கோபுரம், உள்ள வளைஞ்சு வளைஞ்சு ஏறுற படி, கடைசில ரொம்பக் குறுகலா செங்குத்தா இருக்கும், முட்டி வலி உள்ளவங்க வேணாம். மேல போனா காத்து ஆளைத் தள்ளுது! கிழக்கே கோவில், அதை ஒட்டி மீனவங்க ஃபைபர் போட்டுங்க வரிசையா, அதுக்குப் பின்னாடியே கெஸ்ட் ஹவுஸ் மாடிங்க நெருக்கியடிச்சு நிக்குது, முன்ன வெறும் குப்பமா இருந்த இடம்.

அம்மாவும் சித்தியும் ஏறல, ஆனா அவங்களுக்குத்தான் நல்ல பங்கு கிடைச்சுது. பக்கத்துப் பாறைலயே ஒலக்கண்ணேஸ்வரர் கோவில், பல்லவர் காலத்துது, இந்த கோபுரம் கட்டுறதுக்கு முன்னாடி வெள்ளைக்காரங்க அதோட தட்டை மாடிலதான் விளக்கு ஏத்தினாங்க. அதுக்கு நேர் கீழ மகிஷாசுரமர்த்தினி குகை, ஒரு சுவர்ல சிங்கத்து மேல உக்காந்து எருமைத் தலை அசுரனோட சண்டை போடுற துர்கை, எதிர் சுவர்ல நிம்மதியா படுத்திருக்க பெருமாள். திருமங்கையாழ்வார் யானையும் நவமணியும் ஏத்திக்கிட்டு பாரம் தாங்காம கப்பலுங்க வளையுற துறைன்னு பாடினது இந்தக் கடல்மல்லையத்தான், அதாவது மகாபலிபுரத்தத்தான்னு சொன்னேன், அம்மா அங்கேயே உக்காந்துட்டாங்க, எழுப்பவே முடியல.

காலைலயே போயிடுங்க, வெயில் ஏறினா பாறை சுடும், மதியம் கொஞ்ச நேரம் லைட் ஹவுஸை மூடிடுறாங்க. கைடு வேணும்னா அடையாள அட்டை கேட்டு, காசு முன்னாடியே பேசிக்கோங்க.