டோல்கேட் வரிசையா, சாலைச் சந்திப்பின் கணக்கா?

ஜூன் மாதத்தில் கிருஷ்ணகிரி மண்டியில் பெங்களூரா மாங்காய் குவிந்து கிடக்கும். வியாபாரி ஒன்றை எடுத்துக் காம்பருகே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பழுக்க எத்தனை நாள் ஆகும் என்று சொல்லிவிடுவார். அதையே சமன்பாடுகளால் சொல்ல முடியுமா என்று கேட்டு என் மாணவர்கள் வருகிறார்கள். முடியும். ஆனால் எந்தக் கணித மாதிரியைக் கையில் எடுப்பது என்பதில்தான் பாதிப் பேர் வழி தவறுகிறார்கள்.

முதல் வழி வினைவேக மாதிரி. சுக்ரோஸை உடைக்கும் இன்வர்டேஸ் நொதியை ஆராய்ந்து 1913-இல் மைக்கேலிஸும் மென்டெனும் தந்த சமன்பாடுதான் இதன் அடித்தளம். நம் நெடுஞ்சாலை டோல்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிகள் குறைவாக இருக்கும்வரை, வரத்து கூடக் கூடக் கடக்கும் வேகமும் கூடும். எல்லாக் கவுன்டர்களும் நிரம்பிய பிறகு வரிசைதான் நீளும். ஒரு நொதியின் உச்ச வேகம் 10, பாதி வேகத்துக்கு அது உடைக்கும் பொருளின் செறிவு 2 தேவை என்று வைத்துக்கொள்வோம். செறிவு 2 ஆனால் வேகம் 5. செறிவு 8 ஆனால் வேகம் 8. செறிவை 18-க்கு உயர்த்தினாலும் வேகம் 9-தான். இந்த வளைவை ஒருமுறையாவது தாளில் கையால் வரைந்து பார்க்க வேண்டும்.

இதன் சுமை, எண்களைத் தேடுவது. ஒவ்வொரு நொதிக்கும் குறைந்தது இரண்டு எண்கள் வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை சோதனைக்குழாயில் அளந்தவை, செல்லுக்குள் அளந்தவை அல்ல. 2000-இல் டொய்சிங்க் குழுவினர் ஈஸ்ட்டின் குளுக்கோஸ் சிதைவுப் பாதையை இப்படிக் கணக்கிட்டபோது, கிளைப்பாதைகளைச் சேர்க்கும்வரை மாதிரி நிலைத்த நிலைக்கே (பொருள்களின் அளவு மாறாமல் நிற்கும் நிலை) வரவில்லை. சேர்த்த பிறகும் ஏறக்குறைய பாதி நொதிகள்தான் செல்லில் அளந்ததோடு இரு மடங்கு வித்தியாசத்துக்குள் பொருந்தின.

இரண்டாவது வழியான பாய்வுச் சமநிலைப் பகுப்பாய்வுக்கு அந்த எண்கள் எதுவும் வேண்டாம். சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் கூடும் சந்திப்பில் நுழைந்த வண்டிகளும் வெளியேறிய வண்டிகளும் சமம் என்பதுபோல, செல்லுக்குள் ஒவ்வொரு பொருளுக்கும் வரவும் செலவும் சமம் என்று எழுதிக்கொண்டு, வளர்ச்சி போன்ற ஓர் இலக்கை உச்சமாக்கினால் போதும். ஈ.கோலை பாக்டீரியாவுக்கு 2017-இல் வெளியான மாதிரியில் 2,719 வினைகள். மடிக்கணினி நொடியில் தீர்த்துவிடும். இந்த வசதியே மாணவர்களை மயக்குகிறது. வரிசை எவ்வளவு நீளம், அதாவது செல்லுக்குள் எந்தப் பொருள் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

பறித்த மாங்காய் வளர்வதில்லை. அதில் எதுவும் நிலையாகவும் இல்லை: மாவுச்சத்து நாளுக்கு நாள் கரைந்து சர்க்கரையாகிறது, அமிலம் குறைகிறது. அதற்கு இரண்டாவது வழியை நீட்டுவது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். தொட்டியில் சீராக வளரும் பாக்டீரியாவில் எந்த மரபணுவை நீக்கலாம் என்று தேடுபவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. மூலக்கூறுகள் சில டஜன்களே இருக்கும் வினைகளுக்கு இரண்டும் பொருந்தாது. 1977-இல் கில்லஸ்பி தந்த நிகழ்தகவு முறைக்குப் போக வேண்டும்.

மாம்பழத்துக்கு மூன்றே சமன்பாடுகளில் தொடங்குங்கள்: மாவுச்சத்து, சுக்ரோஸ், அது உடைந்து வரும் குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகள். ஒரே மரத்துக் காய்களில் தினம் ஒன்றை அறுத்து அயோடின் சொட்டுங்கள்; முதல் நாள் கருநீலமாகும் சதை, நாளாக நாளாக நிறம் மங்கும். மாங்கூழ் ஆலைகளில் பயன்படும் பிரிக்ஸ் மீட்டரில் சாற்றையும் பாருங்கள். அது கரைந்திருப்பவற்றின் மொத்தத்தை மட்டுமே காட்டும். சுக்ரோஸையும் குளுக்கோஸையும் பிரித்தறியத் தனிச் சோதனை வேண்டும்.