டர்போ லாரிக்கு டீசல் கூட்டுவது: ஸ்க்ரூவா, எல்டிஏவா, பெஞ்சா?

கடலூர் பக்கம் லாரிக்காரர்களிடம் ‘வண்டி இழுக்கவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். ‘பம்பில் கொஞ்சம் டீசல் கூட்டிவிடு’ என்றுதான் முதலில் சொல்வார்கள். இன்ஜினுக்கு டீசல் தள்ளும் அந்தப் பம்பில் அளவைக் கூட்ட மூன்று வழி இருக்கிறது. வண்டியில் இருந்தபடியே ஃபுல் லோடு ஸ்க்ரூவைத் திருப்பலாம். பம்பில் இருக்கும் எல்டிஏவை, அதாவது டர்போ தரும் காற்றுக்கு ஏற்ப டீசலைக் கூட்டும் கருவியை, மட்டும் சரிசெய்யலாம். அல்லது பம்பைக் கழற்றி, அதை ஓட்டி அளந்து பார்க்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றலாம். மூன்றும் ஒரே வேலை என்று நினைத்துப் பலர் விலை குறைந்ததைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என் பார்வையில் அதுதான் கடைசியில் அதிகம் செலவு வைப்பது.

இங்கே பேசுவது ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜினில் வரும் இன்லைன் பம்பைப் பற்றி. கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டாலும் பழைய ஆட்களுக்கு அது இன்னும் மைக்கோ பம்ப்தான். காமன் ரெயில் வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கண்டுகொள்ள வேண்டாம். அதில் இப்படித் திருப்ப ஸ்க்ரூவே கிடையாது.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்புக்குள் டீசலைத் தள்ளும் ஒரு பிளஞ்சர் உண்டு. அது ஏறி இறங்கும் தூரம் மாறுவதில்லை. ராக் என்ற பல் வைத்த தண்டு நகர்ந்தால் பிளஞ்சர் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். அதன் பக்கத்தில் சாய்வாக வெட்டியிருக்கும் பள்ளம் எந்த இடத்தில் துவாரத்தைத் திறக்கிறதோ, அதைப் பொறுத்து நாசிலுக்குப் போகும் அளவு மாறும். ராக் இதற்கு மேல் போகக்கூடாது என்று ஒரு தடை வைத்திருக்கிறார்கள். ஃபுல் லோடு ஸ்க்ரூவைத் திருப்புவது என்றால் அந்தத் தடையைத் தள்ளி வைப்பது. சீலை உடைத்து, லாக் நட்டைத் தளர்த்தி, ஒரு திருப்பு. டீ குடிக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும். பிக்கப்பும் உடனே தெரியும், அதனால்தான் எல்லோருக்கும் இது பிடிக்கிறது.

சிக்கல் காற்றில் இருக்கிறது. ஒரு கிலோ டீசல் எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று தேவை. புகையில்லாமல் எரிய அதைவிட நிறையவே வேண்டும். புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்தில் சிக்னல் விழுந்து லோடோடு கிளம்பும்போது டர்போ இன்னும் வேகம் பிடித்திருக்காது. அந்த நேரத்திலும் ஸ்க்ரூ கூடுதல் டீசலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பின்னால் வரும் பைக்காரர் முகத்தில் அடிப்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல். தமிழ்நாட்டைவிட விலை குறைவு என்று புதுச்சேரி எல்லைக்குள் போய் டேங்கை நிரப்பிக்கொண்டு, அந்த லாபத்தைக் கரும்புகையாக விடுவதில் என்ன கணக்கோ தெரியவில்லை.

எல்டிஏ இதற்காகவே வைக்கப்பட்டது. இன்டேக் மேனிஃபோல்டில் இருந்து ஒரு மெல்லிய பைப் அதற்கு வரும். உள்ளே ஒரு டயாஃப்ரம், எதிரே ஒரு ஸ்ப்ரிங். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறினால் டயாஃப்ரம் ஸ்ப்ரிங்கை அமுக்கி, ராக்கின் தடையைச் சற்றே விலக்கிவிடும். காற்று வந்த பிறகுதான் டீசல். ஸ்ப்ரிங்கின் இறுக்கத்தைக் குறைத்தால் கூடுதல் டீசல் சீக்கிரம் வரும், கூட்டினால் தாமதமாகும்.

இதில் நிறையப் பேர் தவறவிடும் ஒன்று உண்டு. டயாஃப்ரம் கிழிந்தாலோ பைப்பில் ஓட்டை விழுந்தாலோ பூஸ்ட் போய்ச் சேராது, டீசல் கூடாது, வண்டி சோர்ந்துவிடும். அதைப் பார்க்காமல் ஸ்க்ரூவைத் திருப்பினால் பழைய கோளாறு அப்படியே இருக்க, புதிதாகப் புகையும் சேரும். முதுநகர் துறைமுகம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தில் பைப் துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும், உள்ளே ஊசித் துவாரம். பைப்பைக் கழற்றி, எல்டிஏ முனையில் கைப்பம்பும் கேஜும் மாட்டி அரை பார் காற்று கொடுங்கள். முள் நிற்க வேண்டும். இறங்கினால் கோளாறு கிடைத்துவிட்டது. கையோடு இன்டர்கூலர் ஹோஸையும் ஏர் ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இழுக்கவில்லை என்றால்தான் டீசலைப் பற்றிப் பேச வேண்டும்.

சரி, பெஞ்சுக்கு ஏன் போக வேண்டும்? ஸ்க்ரூவும் எல்டிஏவும் ஆறு எலிமென்ட்டுக்கும் (ஆறு பிளஞ்சர் செட்டுக்கும்) சேர்த்துத்தான் கூட்டும் குறைக்கும். ஓடித் தேய்ந்த பம்பில் ஆறும் ஒரே அளவு கொடுப்பதில்லை. மூன்றாவது குறைவாகவும் ஐந்தாவது அதிகமாகவும் கொடுக்கும்போது ஸ்க்ரூவைத் திருப்பினால், ஏற்கெனவே அதிகம் குடிக்கும் ஐந்தாவது சிலிண்டர் இன்னும் குடிக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும்; பிஸ்டன் கலவை அதற்கும் முன்னாலேயே இளகும். டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் 700 டிகிரியைத் தாண்டி நீண்ட நேரம் நின்றால் முதலில் போவது அந்த ஐந்தாவது பிஸ்டன்தான். பெஞ்சில் ஒவ்வொரு லைனும் பிளஞ்சரின் ஆயிரம் ஸ்ட்ரோக்குக்கு எத்தனை சிசி கொடுக்கிறது என்று கண்ணாடிக் குழாயில் பார்க்கலாம். எல்டிஏவுக்குக் காற்று கொடுத்தும் கொடுக்காமலும் தனித்தனியாக அளப்பார்கள். வண்டி ஒன்றிரண்டு நாள் நிற்கும், செலவும் அதிகம். ஆனால் அளந்து செய்யும் வழி இது ஒன்றுதான்.

ஓட்டத்தைப் பொறுத்தும் பதில் மாறும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியோ சாம்பலோ ஏற்றிச் சமவெளியில் ஓடும் வண்டிக்குக் கம்பெனி அளவே போதும், கூட்டுவது வீண். பண்ருட்டியில் லோடு ஏற்றி, சேலம் தாண்டி தொப்பூர் கணவாய் ஏறி ஓசூர் போகும் வண்டிக்கு எல்டிஏ சரியாக வேலை செய்வது அவசியம். ஏற்றத்தில்தான் இன்ஜின் நீண்ட நேரம் முழு லோடில் நிற்கும், அதனால் அங்கே ஸ்க்ரூ இன்னும் ஆபத்து.

புகைச் சான்றிதழிலும் இந்த வித்தியாசம் தெரியும். பாரத் ஸ்டேஜ் 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட் (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு), 4-க்கு 50. லோடு இல்லாமல் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தித்தான் சோதிப்பார்கள். லோடு இல்லாதபோது பூஸ்ட் பெரிதாக ஏறாது. ஸ்க்ரூ திருப்பிய வண்டி அங்கே மாட்டிக்கொள்ளும், எல்டிஏ ஒழுங்காக இருக்கும் வண்டி தப்பிக்கும்.

ரோட்டரி பம்ப் வைத்த சின்ன வண்டிகளில் ஒரே பிளஞ்சர் எல்லா சிலிண்டருக்கும் கொடுப்பதால் எலிமென்ட் ஏற்றத்தாழ்வு பிரச்சினை இல்லை. ஆனால் அதில் ஸ்க்ரூவை உள்ளே திருப்பினால் ஐடிலிங்கும் சேர்ந்து ஏறும். அதிகம் திருப்பினால் இன்ஜின் வேகம் இறங்காமலே நின்றுவிடலாம்.

பெஞ்சுக்குக் கொடுப்பதானால் நாசில்களையும் சேர்த்துக் கொடுங்கள். சரிசெய்வதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை ஆறு லைனின் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பம்பைத் திரும்ப மாட்டும்போது குத்துமதிப்பாக வைக்காமல், இன்ஜினுக்கான டைமிங் அளவைப் பார்த்து மாட்டுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.