பின் டிரம்மா, டிஸ்க்கா? ஹேண்ட் பிரேக்கை முதலில் முடிவு செய்யுங்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் பின் சக்கரங்களில் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போட்டால் இன்னும் குறைந்த தூரத்தில் நிற்கும் என்று நம்பித்தான் பலர் இந்த வேலையில் இறங்குகிறார்கள். தார் ரோட்டில் அந்த வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் சக்கரங்களே செய்கின்றன. ஒழுங்காகச் செட் செய்த டிரம்முக்கே பின் சக்கரத்தை ஜாம் செய்யும் பலம் இருக்கிறது. டயர் பிடிப்பைத் தாண்டி எந்த பிரேக்கும் உதவாது.

டிஸ்க்கின் லாபம் தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கிறது. சேற்றாற்றைக் கடந்து வந்த வண்டியின் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். அடிப்பகுதியில் ஈரமணல் பிறை வடிவில் படிந்திருக்கும். டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் உராய்வுப் பட்டையான லைனிங் முழுக்க வட்டக் கீறல்கள் விழுந்திருக்கும். ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் பற்சக்கரம் சேறு காய்ந்து அசையாமல் நிற்கும். உள்ளே போன மணலுக்கு வெளியேற வழியில்லை, அது லைனிங்கை அரைத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க்கில், அதை இருபுறமும் கவ்வும் பேட் ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீரைத் துடைத்துவிடும், சேறு சுழற்சியில் தெறித்துப்போகும். மாதத்துக்கு இரண்டு முறை தண்ணீரில் இறங்கும் வண்டிக்கு இது பெரிய விஷயம். ஆண்டுக்கு ஒருமுறை இறங்கும் வண்டிக்கு இதற்காகச் செலவு செய்யத் தேவையில்லை.

டிரம்மையே வைத்துக்கொள்வது

பலர் கைவிடும் டிரம் உண்மையில் கெட்டுப்போன டிரம்தான். முதலில் டிரம்மின் உள்விட்டத்தை அளக்க வேண்டும். அனுமதித்த அதிகபட்ச அளவு பெரும்பாலும் டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டியிருந்தால் புதிது போடுங்கள், மறுபடி கடைசல் பிடிக்க வேண்டாம். அடுத்து ஷூக்களைத் தாங்கும் தகடான பேக் பிளேட்டில் ஷூவின் விளிம்பு உரசும் மேடுகளைப் பாருங்கள். ஒரு ஷூவுக்குப் பொதுவாக மூன்று இருக்கும். அவற்றில் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ சிக்கிச் சிக்கி நகரும், பிரேக் திடீரென்று கவ்வும். பள்ளத்தை வெல்டிங்கால் நிரப்பி, சமமாக ராவி, அதிக வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லியதாகப் பூசினால் போதும்.

ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் துளையான பிரீதரையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அது அடைத்துக்கொண்டால், ஆக்சில் சூடாகும்போது உள்ளே ஏறும் அழுத்தம் கியர் ஆயிலை ஆயில் சீல் வழியாக லைனிங் மேல் தள்ளும். அதே ஆக்சில் சூட்டோடு குளிர்ந்த நீரில் இறங்கினால் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். அடைப்பை நீக்கி, பிரீதர் குழாயை உயரத்துக்குக் கொண்டுபோனால் இரண்டும் தீரும். எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவிப் போடாதீர்கள். சூடானதும் எண்ணெய் மறுபடி கசியும்.

பலம் கூடுமா, குறையுமா?

இது ஏற்கெனவே வண்டியில் இருக்கும் டிரம்மைப் பொறுத்தது. பின்புற டிரம்மில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஷூக்களின் ஒரு முனை பேக் பிளேட்டில் ஊன்றியிருக்கும், முன்ஷூ மட்டும் சுழற்சியோடு சேர்ந்து இழுபடும். இன்னொன்றில் இரண்டு ஷூவும் அட்ஜஸ்டரால் இணைந்து மிதக்கும், ஒன்று மற்றொன்றைத் தள்ளும். இதுதான் டுவோ சர்வோ. முதல் வகை, கொடுக்கும் விசையை ஏறக்குறைய 2.2 மடங்காக்கும். டுவோ சர்வோ 4.5 மடங்கு வரை போகும். டிஸ்க்கில் இந்தச் சுய இழுப்பே கிடையாது; உராய்வுக் கெழு 0.4 என்றால் இரு பேட்டுக்கும் சேர்த்து 0.8 மடங்குதான். அதனால்தான் பேட்டை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் பெரிதாக இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஷூவைத் தள்ளும் 22.2 மி.மீ. வீல் சிலிண்டரின் பரப்பு 3.87 ச.செ.மீ. டிரம் 254 மி.மீ. என்றால் ஆரம் 12.7 செ.மீ. மடங்கு, பரப்பு, ஆரம் மூன்றையும் பெருக்கினால் முதல் வகைக்கு 108, டுவோ சர்வோவுக்கு 221. மாற்றாக 48 மி.மீ. ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர், பரப்பு 18.1 ச.செ.மீ. 280 மி.மீ. டிஸ்க்கில் பேட் அழுத்தும் இடத்தின் ஆரம் சுமார் 11.5 செ.மீ. பெருக்கினால் 167. அதாவது அதே காலிப்பர் ஒரு வண்டியில் பின் பிரேக்கை ஒன்றரை மடங்காக்கிச் சக்கரத்தைச் சீக்கிரம் ஜாம் செய்யும், வேறொரு வண்டியில் முக்கால் பங்காகக் குறைத்துவிடும். "டிஸ்க் மாற்றும் கிட் போட்டேன், வண்டி முன்னைவிட மோசம்" என்ற புகாருக்கு அடிக்கடி இதுவே காரணம்.

மூன்று ஹேண்ட் பிரேக்குகள்

காலிப்பரைப் பொருத்த ஒரு பிராக்கெட் போதும். ஹேண்ட் பிரேக்கை எங்கே வைப்பது என்பதுதான் கிட்டுக்குக் கிட்டு மாறும்.

முதல் வழி, டிஸ்க்கின் நடுவில் தொப்பி போல் புடைத்த பகுதிக்குள் சின்ன டிரம். 1995 முதல் வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் பின் ஆக்சிலில் இந்த அமைப்புதான். ஜீப்பின் இசட்.ஜே. கிராண்ட் செரோக்கி மாடலின் பின் டிஸ்க் பாகங்களை எக்ஸ்.ஜே. செரோக்கிக்குப் பலர் மாற்றுவதும் இதற்காகத்தான். வண்டி நின்ற பிறகே பிடிப்பதால் ஷூ தேய்வது மிகக் குறைவு, சரிவில் நன்றாக நிற்கும். கேபிளை இழுத்து அட்ஜஸ்ட் செய்யக் கூடாது. கேபிளைத் தளர்த்திவிட்டு ஷூவை அட்ஜஸ்டரில் செட் செய்து, பிறகே கேபிளைத் தொட வேண்டும். சேறு இதற்குள்ளும் போகும், ஆனால் ஓடும்போது ஷூ உரசாததால் அரைப்பு குறைவு.

இரண்டாவது, காலிப்பருக்குள்ளேயே லீவர். 1970-களின் கடைசியில் காடிலாக் எல்டொராடோவில் வந்த காலிப்பர் இந்த மாற்றத்துக்குப் பிரபலம். பார்வைக்கு எளிது, பழக்கத்தில் தொல்லை அதிகம். ஹேண்ட் பிரேக்கைத் தினமும் போட்டு எடுத்தால்தான் உள்ளிருக்கும் திருகு பேட் தேய்மானத்தை ஈடுகட்டும். விடும்போது லீவர் தன் நிறுத்தத்தில் முழுசாகப் போய் உட்கார வேண்டும். கேபிள் ஒரு துளி இழுத்தே இருந்தாலும் அட்ஜஸ்ட் நடக்காது. இடைவெளி வளர்ந்து பெடல் ஆழமாகப் போகும். சேறும் துருவும் லீவர் அச்சில்தான் முதலில் சேரும்.

மூன்றாவது, இன்ஜின் பலத்தை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் வெளியீட்டில் ஒரு பிரேக். 1970-இல் நான்கு சக்கரத்திலும் டிஸ்க்கோடு வந்த ரேஞ்ச் ரோவரிலேயே இந்த வழி இருந்தது. ஆக்சில் ரேஷியோ பிடிப்பைப் பெருக்குவதால் கெட்டியாக நிற்கும், சேற்றுக்கும் மேலே இருக்கும். ஆனால் ஓடும் வண்டியில் போட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டும் ஆக்சில் ஷாஃப்டும் அடிவாங்கும். இரண்டு சக்கர ஓட்டத்தில் நிற்கும்போது, லாக் இல்லாத டிஃபரன்ஷியலில் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் வண்டி உருண்டுவிடும். கட்டை வைக்காமல் டயர் மாற்றவே கூடாது.

பிரேக் ஆயிலை லைனில் பூட்டிவைக்கும் லைன் லாக்கை ஹேண்ட் பிரேக் என்று எண்ணாதீர்கள். ஆயில் குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும், ஒரு சீல் கசிந்தால் வண்டி நகரும். சரிவுப் பாதைக்கு முதல் வழியை எடுங்கள். சக்கர ஓரத்தில் கேபிளே வேண்டாம் என்றால் மூன்றாவது. இரண்டாவதை, மற்ற இரண்டுக்கும் இடமே இல்லாதபோது மட்டும்.

மாட்டும்போது கெடுவது எங்கே

சில ஆக்சில்களில் பேக் பிளேட், பேரிங் ரீட்டெய்னரோடு சேர்த்து இறுக்கப்பட்டிருக்கும். அங்கே பிராக்கெட்டின் தடிமன் பழைய பேக் பிளேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் பேரிங் ஆடும் அல்லது இறுகும். ஷாஃப்டை உள்முனையில் ஒரு கிளிப் பிடித்திருக்கும் சி-கிளிப் ஆக்சிலில் ஷாஃப்ட் உள்ளே வெளியே கொஞ்சம் ஆடுவது இயல்பு. நகராத காலிப்பர் போட்டால் அந்த ஆட்டம் பிஸ்டனைப் பின்னே தள்ளி, முதல் மிதி வெறுமையாகப் போகும். மிதக்கும் காலிப்பர்தான் சரி.

டிஸ்க் ஆக்சில் மையத்தில் சரியாக உட்கார வேண்டும், வீல் ஸ்டட்டை நம்பி நிறுத்தக் கூடாது. ஸ்டட் 12 மி.மீ. என்றால் நட்டுக்குள் குறைந்தது 12 மி.மீ. மரை பிடிக்க வேண்டும். டயல் கேஜில் டிஸ்க்கின் ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் இருக்கட்டும். சக்கரத்தை மாட்டிக் கையால் முழுச் சுற்றுச் சுற்றுங்கள். காலிப்பருக்கும் ரிம்முக்கும் 3 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும், சிறு கல் சிக்கும் இடம் அதுதான்.

காலிப்பர் நகர்வதால் இரும்புக் குழாயை நேராக மாட்ட முடியாது, ஆக்சிலில் பிராக்கெட் வைத்து ஹோஸ் கொடுக்க வேண்டும். ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்கிறதா பாருங்கள். இடது வலது காலிப்பர் மாறிப்போனால் நிப்பிள் கீழே வந்துவிடும், எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும்.

பெடல் மிதிப்பை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரில் டிரம் பக்கத்துக்குச் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் சின்ன வால்வு சில வண்டிகளில் இருக்கும். அதை எடுக்காவிட்டால் பேட் உரசிக்கொண்டே ஓடி டிஸ்க் கொதிக்கும். மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் மட்டும் 2 பி.எஸ்.ஐ. வால்வு போடலாம். ஆயில் கிண்ணத்தின் அளவும் முக்கியம்: பேட் ஒவ்வொன்றும் 8 மி.மீ. தேய்ந்தால், 48 மி.மீ. பிஸ்டன் இரண்டுக்கும் சேர்த்து சுமார் 58 மி.லி. ஆயில் கீழிறங்கும். டிரம்முக்கென வைத்த சின்ன அறை அதற்குள் வற்றிவிடலாம். பெடல் ஆழமாகப் போகிறதென்று மாஸ்டர் சிலிண்டரை 7/8 அங்குலத்திலிருந்து 1 அங்குலமாக்கினால், அதே மிதிப்புக்கு அழுத்தம் சுமார் 23 சதவீதம் குறையும். முதலில் லைனில் காற்று இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் கேபிள் சரியா என்று பாருங்கள்.

புரோபோர்ஷனிங் வால்வு பின் சக்கர பிரேக் அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே செய்யும். கூட்ட அதனால் ஆகாது. பின்னால் பலம் போதவில்லை என்றால் அதைத் திருகிப் பயனில்லை, பெரிய பிஸ்டன்தான் வழி. ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் இந்த வால்வைத் தனியாகச் சேர்க்க வேண்டாம். பிரேக் மாற்றத்துக்கு உங்கள் இடத்துச் சட்டப்படி ஒப்புதல் தேவையா என்பதை வேலைக்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பேட்டைப் பழக்க, மணிக்கு 50 கி.மீ.யிலிருந்து 10 வரை எட்டுப் பத்து முறை இறக்குங்கள், இடையில் ஆறவிடுங்கள், முழுசாக நிறுத்தாதீர்கள். பிறகு ஆளில்லாத, காய்ந்த சமதளத் தார் ரோட்டில், முதலில் 30 கி.மீ. வேகத்தில் அழுத்திப் பிடியுங்கள்; வெளியே ஒருவர் எட்ட நின்று எந்தச் சக்கரம் முதலில் ஜாம் ஆகிறது என்று பார்க்கட்டும். பின் சக்கரம் முந்தினால் வண்டி வால் வீசிச் சுழலும். முன் சக்கரம் முந்தும்வரை புரோபோர்ஷனிங் வால்வை மூடிக்கொண்டே வாருங்கள். ஏற்றிய சுமையோடும், சுமையில்லாமலும் இரண்டு முறை இதைச் செய்து, சுமையில்லாத நிலைக்கு வந்த அளவிலேயே வால்வைப் பூட்டுங்கள்.