உப்புக்காற்றில் பதினொரு மாதம்: ஒரு ஸ்மார்ட் பேண்டின் கணக்கு

கையில் கட்டிக்கொள்ளும் ஸ்மார்ட் பேண்ட் ஒன்றை இராமநாதபுரத்தில் ஒரு கைப்பேசிக் கடையில் 2,799 ரூபாய்க்கு வாங்கிப் பதினொரு மாதம் ஆகிறது. குறைகளையும் சேர்த்துச் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். தவிரவும், இந்த விலையில் கிடைக்கிற பேண்டுகளுக்குள் இருப்பவை பெரும்பாலும் ஒரே சரக்குதான்: கையின் அசைவை உணரும் ஒரு சில்லு, தோலின் மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி நாடித்துடிப்பைக் கணிக்கும் ஓர் உணரி, இரண்டையும் கூட்டிக் கழித்துக் கைப்பேசியில் வரைபடமாகக் காட்டும் ஒரு செயலி.

வாங்கிய காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் இராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற கடலோர ஊரில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், வயது நாற்பத்தாறு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.4 என்று வந்து, தினமும் நடக்கும்படி மருத்துவர் சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகியும் நான் நடக்கவில்லை. அந்த எண் என்னை அசைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. அசைத்தது வேறொன்று. சென்ற தை மாதத்தில் மைத்துனனின் வள்ளத்தில் ஊருக்குத் தெற்கே இருக்கும் தென்கடலுக்குப் போயிருந்தபோது, நங்கூரம் போட்ட இடத்தில் நீரில் இறங்கிக் குளித்துவிட்டு, விளிம்பைப் பிடித்து உந்தி ஏறப் பார்த்தேன், முடியவில்லை. ஆறு வயதிலிருந்து ஏறிப் பழகிய வள்ளம். மூன்றாவது முயற்சியும் தோற்றதும், மைத்துனனும் இன்னொரு பையனும் ஆளுக்கொரு அக்குளைப் பற்றி, திருக்கையை இழுத்துப் போடுவதுபோல என்னை உள்ளே இழுத்துப் போட்டார்கள். "அடுத்த தடவை கரையிலேயே இருங்க மச்சான்" என்று அவன் கேலியாகத்தான் சொன்னான். மறுமாதம் இந்தப் பேண்டை வாங்கினேன்.

முதலில் அடிகளை எண்ணுவதைப் பார்ப்போம், ஏனெனில் பெரும்பாலோர் வாங்குவது அதற்காகத்தான். சமதளச் சாலையில் கையை வீசி நடந்தால் எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது. நானே வாய்விட்டு ஐந்நூறு வரை எண்ணிச் சோதித்ததில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் பிசகவில்லை. ஆனால் இது எண்ணுவது காலின் அடியை அல்ல, கையின் வீச்சை. இதை உணர்த்திய நாள் ஒன்று உண்டு. வள்ளத்தில் உட்கார்ந்த இடத்திலேயே தூண்டில் கயிற்றை விட்டும் இழுத்தும் ஒரு முற்பகலைக் கழித்த அன்று, நான் 2,300 அடி நடந்ததாகப் பேண்ட் பதிவு செய்து, சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் வேளையில் அதிர்ந்து பாராட்டும் தெரிவித்தது. அதே வாரத்தில் ஒருநாள் அதை என் மனைவியின் கையில் கட்டி அனுப்பினேன். ஆறு குடம் வைக்கிற தள்ளுவண்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டு, நல்ல தண்ணீர்க் குழாய்க்குப் போய் நிரப்பித் திரும்பி, மறுபடியும் ஒரு நடை போய்வந்தார். கை வண்டியின் கம்பியை விட்டு அசையாததால் பேண்ட் அவர் கணக்கில் எழுதியது 140 அடி. "என்னங்க, உங்க வாட்ச்சுக்குக் கண்ணு இல்லையா?" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்.

மணலையும் அது அறியாது. கடற்கரையின் உதிரி மணலில் நடப்பதற்குக் கெட்டியான தரையில் நடப்பதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு சக்தி செலவாகும். அடிக்கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்றான கச்சான் முகத்தில் மணலை வாரி இறைக்கும்போது எதிர்த்து நடக்கிற ஒரு கிலோமீட்டரும் இதற்கு வெறும் ஒரு கிலோமீட்டரே. அதனால் நான் ஆடியில் வடகடல் ஓரமாகவும், கார்த்திகையில் வாடை தொடங்கிய பிறகு தென்கடல் ஓரமாகவும் நடக்கிறேன். காற்றுக்கேற்பக் கரையை மாற்றிக்கொள்ளும் வசதி மண்டபத்துக்காரனுக்குக் கிடைத்த வரம்.

பேண்ட் வந்தபோதே அதில் ஒரு நாளைக்கு 10,000 அடி என்ற இலக்கு எழுதப்பட்டிருந்தது. இந்த எண் மருத்துவ ஆய்வில் கண்டறிந்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானிக்குப் 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் மன்போ-கெய் என்ற பெயரை வைத்தார்கள்; விற்பனைக்காக வைத்த பெயர் காலப்போக்கில் உலகத்துக்கே விதியாகிவிட்டது. முதல் மாதம் முழுவதும் எட்டாயிரத்தைத் தொட்டுவிட்டுத் தோற்ற முகத்தோடு படுக்கப் போன பிறகு, அந்த இலக்கை அணைத்துவிட்டேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. அதாவது மூச்சு சற்று வாங்க வேண்டும், ஆனால் பேச்சு தடைபடக் கூடாது. இந்தப் பேண்டில் நாடித்துடிப்பை வைத்து அந்த நிமிடங்களைக் கூட்டிக் காட்டும் பக்கம் ஒன்று உள்ளே புதைந்து கிடக்கிறது. வாங்குகிறவர்கள் முதல் நாளே அதைத் தேடி எடுத்து முகப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவியில் உருப்படியான பக்கம் அதுதான்.

உருப்படாத பக்கம் கலோரி. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது, நாடித்துடிப்பை அவற்றில் ஆறு கருவிகள் ஐந்து சதவீதத்துக்குள்ளான பிழையோடு சொல்லிவிட்டன. கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. நான் இதை அறியும் முன்பே, 'இன்று 410 எரித்தாய்' என்று அது காட்டியதை நம்பிப் பல இரவுகளில் இரண்டு புரோட்டாவைக் கூடுதலாக உள்ளே தள்ளியிருக்கிறேன்.

தூக்கக் கணக்கும் எனக்கு உதவவில்லை. விசைப்படகுகள் கடலுக்குப் போகிற திங்கள், புதன், சனிக்கிழமைகளில் விடியும் முன்பே ஐஸ் ஏற்ற வேண்டியிருப்பதால் இரவு இரண்டு மணிக்கு எழுந்துவிடுவேன். விட்ட தூக்கத்தைப் பிற்பகலில் பிடிப்பேன். பேண்டுக்கு இரவில் தூங்குவதே தூக்கம். வாரத்தில் மூன்று நாள் நூற்றுக்கு நாற்பது போட்டுவிட்டு, சீக்கிரம் படுக்கும்படி அறிவுரையும் சொல்லும். மணிக்கொரு தரம் 'நகர நேரம்' என்று தமிழில் ஒரு செய்தி வரும். ஊருக்குள் போகச் சொல்கிறதா, எழுந்து அசையச் சொல்கிறதா என்பது எனக்குப் புரியவே சில நாள் ஆயிற்று.

இனி உப்பு. பெட்டியின் மேல் 50 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது என்று போட்டிருக்கிறார்கள். அது நீரின் அழுத்தத்தைத் தாங்குவதைப் பற்றியதே தவிர உப்பைப் பற்றியதல்ல. நான்காம் மாதத்தில் மின்னேற்றும் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியது, வார்ப்பூட்டு துருப்பிடித்தது. கடலில் நனைந்தால் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டு ஆழ்குழாயிலும் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. ஆகவே மனைவி வண்டி தள்ளிக் கொண்டுவந்த நீரில் ஒரு குவளை தினமும் இதற்குப் போகிறது. அவருக்கு 140 அடி எழுதிய கருவிக்கு இது கொஞ்சம் அதிகப்படியான மரியாதை.

ஆறாம் மாதத்தில் வார் அறுந்தது, திரையும் மங்கியது. உத்தரவாதம் இருந்ததால் கடைக்காரர் மதுரைக்கு அனுப்பிவைத்தார். திரும்பி வரப் பதினேழு நாள் ஆனது. எத்தனை முறை தொலைபேசியில் கேட்டாலும் 'இரண்டு நாளில் வந்துவிடும்' என்ற ஒரே பதில்தான். இந்தப் பதினேழு நாளைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மதிப்புரையையே எழுதத் தொடங்கினேன். முதல் மூன்று நாள் நான் நடக்கவில்லை. யாரும் எழுதி வைக்காத நடை வீணான நடை என்று தோன்றியது. வருகைப்பதிவு எடுக்காத வகுப்புக்குப் போகாத மாணவனின் மனம்தான் அது. வரைபடம் ஏறுவதைப் பார்ப்பதற்காகவே ஐந்து மாதம் நடந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை குறைந்து கோடு மலைபோல ஏறியதும், படகுகள் போகத் தொடங்கியதும் சரிந்ததும் எனக்கு மகிழ்ச்சியும் துக்கமுமாக இருந்தன. உடம்பைப் பற்றி அந்தக் காலத்தில் நினைத்ததாகவே ஞாபகம் இல்லை. நான்காம் நாள் வடகடல் ஓரத்தில் கரையேற்றியிருந்த ஒரு வள்ளத்தைக் கடந்தபோது அதன் விளிம்பில் கை வைத்துப் பார்த்தேன். அங்கிருந்து எழுபது நிமிடம் நடந்தேன் என்பது உத்தேசம்தான்; கையில் ஒன்றும் இல்லை. மறுநாள் முதல் நடையோடு, வீட்டுத் திண்ணையைப் பிடித்து உந்தி எழுகிற பயிற்சியையும் சேர்த்துக்கொண்டேன். பேண்ட் திரும்பி வந்த பிறகும் அந்தப் பயிற்சியை அது ஒரு நாளும் கணக்கில் எடுத்ததில்லை.

மூன்று மாதச் சர்க்கரை இப்போது 6.9. மாத்திரையும் தொடர்கிறது, இரவுப் புரோட்டாவும் நின்றிருக்கிறது. ஆகவே இதைப் பேண்டின் சாதனை என்று எழுதினால் பொய்யாகிவிடும். போன மாதம் மைத்துனனோடு மறுபடியும் போனேன். முதல் உந்தலில் வழுக்கினேன். இரண்டாவதில் வயிறு விளிம்பில் மாட்டி, முழங்கால் சிராய்த்து, ஒருவழியாக உள்ளே விழுந்தேன். அவன் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததால் பார்க்கவே இல்லை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நடக்க ஏற்கெனவே ஒரு காரணம் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல கணக்குப்பிள்ளை, 2,799 ரூபாய்க்குக் குறை சொல்ல முடியாது. காரணத்தையும் சேர்த்து இது தரும் என்று நினைத்தால் மூன்றாம் மாதம் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். வள்ளத்தில் வேலை செய்கிறவர்களும், இரண்டு கையாலும் சுமை தள்ளுகிறவர்களும் அடிக்கணக்கை நம்ப வேண்டாம். கடையிலேயே கேட்க வேண்டியது ஒன்றுண்டு: மாற்று வார் உள்ளூரில் கிடைக்குமா என்பது. என் பேண்டில் இப்போது இருப்பது இராமேஸ்வரத்தில் தெருவோரக் கடையில் 150 ரூபாய்க்கு வாங்கிய ஆரஞ்சு நிற வார். நிறுவனம் கொடுத்த கறுப்பு வாரைவிட அதிக நாள் உழைக்கிறது.