“பக்காவா ஓடுதுங்க சார்”: ஒரு பழைய ஸ்கோப் வாங்கிய கதை

பழைய டெஸ்ட் எக்விப்மென்ட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது வீடியோ அனுப்பினால், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். நான் அனுப்பிவிட்டேன். 26,000 ரூபாய். வந்தது ஒரு டெக்ட்ரானிக்ஸ் 2465பி. நாலு சேனல், 400 மெகாஹெர்ட்ஸ், 80களின் பிற்பகுதியில் வந்த அனலாக் ஸ்கோப், அதாவது மின் அலைகளைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப். நான் படித்த காலேஜில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று எச்ஓடி ரூம் பீரோவில் பூட்டிக் கிடக்கும், இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் வெளியே வரும், அப்போதும் எங்களைத் தொட விடமாட்டார்கள். அந்த ஏக்கம்தான் காரணம், வேறு சமாதானம் சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் வாரண்டியோடு புதிய டிஜிட்டல் ஸ்கோப்பே வாங்கியிருக்கலாம், அதுவும் எனக்குத் தெரியும்.

விற்றவர் கோயம்புத்தூர் பக்கம். பெயர் வேண்டாம். ஒரு கம்பெனியில் கண்டம் செய்த, அதாவது இனி உதவாது என்று ஒதுக்கிய சாமானை லாட்டாக எடுத்தேன், அதில் வந்தது என்றார். இது நம்பக்கூடிய கதைதான், ஏனென்றால் நம் ஊரில் இந்தச் சாமானெல்லாம் அப்படித்தான் வெளியே வருகிறது: அரசு நிறுவனம் என்றால் எம்எஸ்டிசி என்ற அரசு ஏல நிறுவனம் வழியாகப் போகும், தனியார் என்றால் நேராக ஸ்கிராப் வியாபாரியிடம். ஏலம் எடுத்தவருக்கு அது இரும்பு, அவரிடமிருந்து பொறுக்கி எடுப்பவருக்கு அது ‘மெஷின்’. நடுவில் யாரும் அதை ஒழுங்காகச் சோதிப்பதில்லை.

வீடியோ 40 விநாடி. பூப்போட்ட ரெக்சின் விரித்த மேஜை, அதன்மேல் ஸ்கோப், திரையில் பளிச்சென்று பச்சை நிறத்தில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை. நாப்களைத் திருகித் திருகிக் காட்டினார். “பக்காவா ஓடுதுங்க சார், கேலிபரேஷன் ஸ்டிக்கரே இருக்குது பாருங்க” என்று, அளவுகளைச் சரிபார்த்தாயிற்று என்று சொல்லும் அந்த ஸ்டிக்கருக்குக் கேமராவைக் கொண்டு போனார். நான் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி, ஆன் செய்வதிலிருந்து வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா என்பது. “இப்பத்தானுங்க பேக் பண்ணினேன், பிரிக்கணுமுங்களா?” என்றார். சரி பாவம், பிரிக்கச் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். மீதி எல்லாம் அதன் விளைவு.

பார்சல் ஆபீஸில் போய் எடுத்தேன், லாரி வாடகை என் தலையில். பத்துக் கிலோவை ஒட்டிய சாமானை ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றி, அட்டைப் பெட்டியில் திணித்திருந்தார். தெர்மகோல் மூலைக்கு ஒரு துண்டு. ஒரு நாப் உடைந்திருந்தது. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை, பழைய சாமான்தானே. பின்பக்கம் 115, 230 வோல்ட் தேர்வு சுவிட்ச் 230-ல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிளக்கைச் செருகினேன் (இறக்குமதிச் சாமான் வாங்குகிறவர்கள் இதை முதலில் பாருங்கள், 115-ல் வைத்து நம் வீட்டுக் கரண்டைக் கொடுத்தால் அதோடு கதை முடிந்தது).

விசிறி சுற்றியது, ரிலே எல்லாம் டக்டக்கென்று அடித்தது, திரையில் எழுத்து வந்தது: டெஸ்ட் 04 ஃபெயில். டிரேஸ் எனப்படும் அலைக்கோடு இல்லை, ஒன்றும் இல்லை. உடனே அவருக்குப் போன் போட்டேன். நான் முழுதாகச் சொல்லி முடிக்கவே இல்லை, “அதுக்கு ஏ/பி ட்ரிக் பட்டனை ஒருக்கா அமுக்குங்க சார், போயிரும்” என்றார். அமுக்கினேன். போயிற்று. அதே பளிச்சென்ற பச்சைக் கோடு வந்தது.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. என்ன கோளாறு, எந்தப் பட்டனில் மறைக்கலாம் என்பது வரை அவருக்கு மனப்பாடம். பட்டனை அமுக்கிவிட்டு அதற்கப்புறம்தான் கேமராவை ஆன் செய்திருக்கிறார்.

டெஸ்ட் 04 என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: இந்த ஸ்கோப்பில் கேலிபரேஷன் என்பது திருகாணி வைத்துத் திருப்புகிற விஷயம் மட்டுமல்ல, பெரும்பாலும் நினைவகத்தில் எழுதி வைத்த எண்கள். பிற்காலத்து 2465பி-யில் அந்த எண்கள் டல்லாஸ் டிஎஸ்1225 என்ற சிப்பில் இருக்கும், சிப்புக்குள்ளேயே ஒரு லித்தியம் பேட்டரியைப் புதைத்து வைத்திருப்பார்கள். பத்து வருஷத்துக்குத் தாங்கும் என்று விற்ற சிப். 20, 25 வருஷம்கூட ஓடியிருக்கிறது, ஆனால் என்றைக்காவது ஒரு நாள் பேட்டரி சாகும், எண்கள் போகும், அதைத்தான் டெஸ்ட் 04 ஃபெயில் என்று காட்டுகிறது. அதற்கப்புறமும் ஸ்கோப் படம் காட்டும், அதுதான் ஆபத்து. அழகாகக் காட்டும், தப்பாகக் காட்டும். என் பெஞ்சில் இருக்கும் 5 வோல்ட் ரெஃபரன்ஸை 4.4 என்றது. 1 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஆசிலேட்டரைக் கொடுத்தால் ஒரு சுற்றுக்கு 1 மைக்ரோ விநாடி வர வேண்டிய இடத்தில் 1.09 காட்டியது. இந்த எண்களைத் திரும்ப எழுத வேண்டுமென்றால் தரமான சிக்னல் ஜெனரேட்டர்கள் வேண்டும், பொறுமை வேண்டும், செய்யத் தெரிந்த ஆளும் வேண்டும்.

இருபது நிமிஷம் ஓடியிருக்கும். பட் என்று ஒரு சத்தம், அப்புறம் வெள்ளைப் புகை. உள்ளே மெயின்ஸ் ஃபில்டரில் ரிஃபா கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள், மஞ்சள் நிறத்தில் கண்ணாடி மாதிரி உறை. வருஷக்கணக்கில் கிடந்தால் உறை வறண்ட ஏரி மண் போல வெடிக்கும், வெடிப்பு வழியாக ஈரம் இறங்கும், ஒரு நாள் கரண்ட் கொடுத்ததும் புகையைக் கக்கும். இதற்கு விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன், மூடியைக் கழற்றிப் பார்க்காமல் ஆன் செய்தது என் தப்பு. “இருபத்தாறாயிரம் ரூபாய்க்கு ஊதுபத்தியா வாங்கினீங்க?” என்று மனைவி ஜன்னலைத் திறந்தாள். அந்த நாற்றம் திரைச்சீலையில் ரெண்டு நாள் இருந்தது.

கழற்றிப் பார்த்தபோதுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. கன்ட்ரோல் போர்டில் சின்னச் சின்ன எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள், நாலைந்தின் அடியில் பச்சை பூத்திருந்தது. ஒன்றில் சோல்டரிங் அயர்னை வைத்ததும் மீன் கவிச்சி அடித்தது, கசிந்த திரவம்தான் அது, சும்மா விட்டால் டிராக்கைத் தின்றுவிடும். அப்புறம் சேனல் ஒன்றை 50 ஓமில் வைத்து, உள்ளீட்டில் மல்டிமீட்டரை வைத்தால் 71 ஓம் காட்டியது. யாரோ எப்போதோ தாங்காத வோல்டேஜைக் கொடுத்து உள்ளே இருக்கும் ரெசிஸ்டரை வாட்டியிருக்கிறார்கள். அந்த உள்ளீடு தாங்குவது 5 வோல்ட் ஆர்எம்எஸ்தான்.

ஸ்டிக்கர் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருஷ டியூ டேட் போட்டு, கையெழுத்து கிறுக்கி, ஜம்மென்று இருந்தது. ஒரு ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கவே, ஹேர் டிரையரைக் காட்டி மெல்ல உரித்தேன். அடியில் பழைய கம்பெனியின் அசெட் லேபிள், அதன்மேல் சிவப்பு மார்க்கரில் ‘ரிஜெக்ட்’. உண்மையில் கேலிபரேட் செய்திருந்தால் சான்றிதழ் இருக்கும். என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற லேப் என்றால் அதில் யுஎல்ஆர் எண், அதாவது அந்தச் சான்றிதழுக்கே உரிய தனி எண் இருக்கும், அதே லேபைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். வெறும் ஸ்டிக்கரை எந்த டிடிபி கடையிலும் அடித்துத் தருவார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “செக்கிங் வாரண்டி மட்டும்தானுங்க, ஓடுதில்லங்க?” என்றார். ஓடுகிறது, ஆனால் தப்பாக ஓடுகிறது என்றேன். “பழைய மெஷினுங்க சார், முன்னப் பின்ன இருக்கும்.” ரிஜெக்ட் லேபிளின் போட்டோவை அனுப்பினேன். ரெண்டு நீல டிக் விழுந்தது, அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டேன், பொறுமையாகத்தான் கேட்டார்கள், பில் இருக்கிறதா என்றார்கள். பில் வாங்கவில்லை. ஜிஎஸ்டி சேர்த்தால் விலை ஏறும் என்று அவர் சொன்னபோது வேண்டாம் என்று சொன்னவனே நான்தான்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. ‘புதிது’ என்று ஆன்லைனில் ரெண்டு டிஎஸ்1225 வாங்கினேன், விலை சந்தேகப்படும்படி குறைவு. வந்த சிப்பின் கால்களில் ஏற்கெனவே சோல்டர் பட்ட தடம். எங்கோ பழைய போர்டிலிருந்து பிடுங்கி, மேலே தேதியை மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். ஒன்றில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் படித்தால் குப்பை. எஃப்எம்16டபிள்யூ08 என்ற எஃப்ராம் சிப்பை (கரண்ட் போனாலும் எண்களை மறக்காத நினைவகம்) ஒரு அடாப்டர் போர்டில் வைத்துப் போட்டால் பேட்டரித் தொல்லையே இல்லை, நான் கடைசியில் அதைத்தான் போட்டேன். உங்கள் ஸ்கோப்பில் எண்கள் இன்னும் உயிரோடு இருந்தால், முதல் வேலையாகப் பழைய சிப்பைப் பத்திரமாக எடுத்து புரோகிராமரில் படித்து சேமித்து வையுங்கள். என் நண்பன் ஒருவன் ஹெச்பி 3478ஏ மீட்டரில் மாற்று சப்ளை எதுவும் கொடுக்காமல் பேட்டரியைக் கழற்றி, அரை நிமிஷத்தில் கேலிபரேஷன் மொத்தத்தையும் தொலைத்தான்.

இதை நாலு பேரிடம் புலம்பியதில் மற்றவர்கள் ஏமாந்த கதைகளும் வந்தன. ஹெச்பி 34401ஏ மீட்டரை விற்கிறவர் இருட்டறையில் போட்டோ எடுத்திருந்தால் டிஸ்ப்ளே மங்கிவிட்டது என்று அர்த்தம், டியூப் லைட் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஹெச்பி 8590 வரிசை ஸ்பெக்ட்ரம் அனலைசரில் (சிக்னலை அலைவரிசை வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி) வெறும் நாய்ஸ் கோட்டைக் காட்டி “ஓகே” என்பார்கள். முன்னால் சிக்னலை வாங்கும் மிக்சர் என்ற பாகம் வெந்துபோனாலும் அந்தக் கோடு வரும். அதிலேயே சோதனைக்கான சிக்னல் தரும் கேல் அவுட் இருக்கிறது, 300 மெகாஹெர்ட்ஸ், மைனஸ் 20 டிபிஎம் வலிமை. ஒரு கேபிளில் அதை உள்ளீட்டுக்குக் கொடுத்து, திரையில் எழும் முனை சரியான உயரத்துக்கு வருகிறதா என்று காட்டச் சொன்னால் ரெண்டு நிமிஷ வேலை. ஸ்கோப் என்றால், இரவெல்லாம் அணைந்து கிடந்ததைக் காலையில் ஆன் செய்து, பவர் பட்டனில் விரல் படும் இடத்திலிருந்து வெட்டாமல் பத்து நிமிஷ வீடியோ. 50 ஓம் வசதி உள்ள ஒவ்வொரு சேனலிலும் அந்த அளவு. நேரில் போக முடிந்தால் இன்னும் நல்லது, சென்னை ரிச்சி தெருவில் பழகின கடையில் ஐநூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் பிளக்கைச் செருகிப் பார்த்துவிட்டு வாங்கலாம். “பேக் பண்ணிட்டேன்” என்றால் பிரிக்கச் சொல்லுங்கள், பாவம் பார்க்காதீர்கள்.

போன வாரம் ஒரு தம்பி ஒரு வீடியோவை அனுப்பி, “அண்ணா, 2465பி ஒண்ணு வந்திருக்கு, 31,000 சொல்றாரு, வாங்கலாமா?” என்று கேட்டான். பூப்போட்ட ரெக்சின், அதே 40 விநாடி, அதே குரல். ஸ்டிக்கரின் ஓரம்கூட அதே போல லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், பிறகு அந்த ஸ்கோப்பை என் மேஜையில், மூடி இல்லாமல் கிடக்கும் நிலையில் போட்டோ எடுத்து, உரித்த ஸ்டிக்கரையும் பக்கத்தில் வைத்து, அவனுக்கு அனுப்பினேன்.